மரபணு உணவுப் பரிசோதனை: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

மரபணுவைப் பார்த்து ‘உங்களுக்கேற்ற உணவு’ சொல்லும் பரிசோதனையைச் செய்துகொண்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: காபிக்கும் பாலுக்கும் சரி, சோற்றுக்கு வேண்டாம்.

அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்து, குழாயில் போட்ட கோடு வரை உமிழ வேண்டும். நுரை கணக்கில் சேராது; அதனால் நேரம் பிடிக்கும். “எச்சிலைப் பார்த்தா இலையில் என்ன போடுவது என்று சொல்வார்கள்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

காபியிலுள்ள காபினைச் சிதைக்கும் முக்கிய நொதிக்கான சிஒய்பி1ஏ2 மரபணுவில் எனக்கு வாய்த்தது மந்தமான வகையாம். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பது கொடுமை. ஆனாலும் மாலைக் காபியை மூன்று மணிக்கே முடித்துக்கொண்டேன். நள்ளிரவு தாண்டியும் விழித்துக் கிடப்பது நின்றது. அண்ணனோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு டபரா குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறார்.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பெரியவரான பின்னும் செரிக்க உதவும் மரபணு மாற்றம் வடமேற்கு இந்தியாவில் அதிகம். தெற்கே வர வரக் குறைகிறது. எனக்கும் இல்லை. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தீர்த்துவிடுவதால் தயிர் சாதம் தப்பித்தது.

சிக்கல் சோற்றில்தான். டிசிஎஃப்7எல்2 மரபணுவைக் காட்டி, அரிசியைக் குறைத்து கீன்வா தானியமும் சால்மன் மீனும் சாப்பிடச் சொன்னது அறிக்கை. விராலும் கெண்டையும் விற்கும் ஊரில்! அந்த மரபணுவுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளியானது உண்மைதான். ஆனால் நீரிழிவில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்களுக்குப் பங்குண்டு. ஒன்றை மட்டும் பார்த்துத் தட்டை மாற்ற முடியாது. எடைக் குறைப்பிலும் இதே கதை: 609 பேரை ஓராண்டு கவனித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உணவில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் இடையே மரபணு வகையால் வேறுபாடு தெரியவில்லை.

எனக்கு வழிகாட்டியது இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர். பொன்னிச் சோற்றைச் சாம்பாரோடு வயிறு முட்டச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 170-ஐத் தாண்டுகிறது. அதே சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையையும் பொரியலையும் முதலில் தின்றுவிட்டு, மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவந்தால் 140-க்குள் நிற்கிறது. என் மரபணு மாறவில்லை, அரிசியும் மாறவில்லை. அண்ணனுக்கோ முதல் முறையிலேயே 130-தான். ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை வேறுபடுவதை 800 பேரிடம் அளந்து இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-இல் காட்டியது; குடல் நுண்ணுயிர்களையும் கணக்கில் சேர்த்தே அவர்கள் கணித்தார்கள்.

ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி இன்னமும் மின்னஞ்சல் வருகிறது. அந்தப் பணத்துக்குக் குளுக்கோமீட்டருக்கான ஸ்ட்ரிப் பெட்டிகள் வாங்கிக்கொண்டேன்.