ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரரின் கையெழுத்து: தபாலா, கண்காட்சியா, பாக்கெட்டா, ஏலமா?

அமெரிக்க பேஸ்பாலின் பழைய வீரர்களிடமிருந்து, அவர்கள் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையைக் கையெழுத்தோடு பெற நான்கு வழிகள் இருக்கின்றன. வீரருக்கே கடிதம் எழுதிக் கேட்கலாம். கண்காட்சியில் கட்டணம் செலுத்தி நேரில் வாங்கலாம். அட்டை நிறுவனங்கள் பாக்கெட்டுக்குள் வைத்து விற்பதை வாங்கலாம். ஏலத்திலும் எடுக்கலாம். பலரும் இவற்றை விலையை வைத்தே ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: அந்த வீரர்தான் கையெழுத்திட்டார் என்பதற்கு யார் சாட்சி?

அப்படிக் கேட்க வேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள் போலிக்காரர்கள். 1990-களில் தெற்குக் கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட ஒரு கும்பல், பேப் ரூத், மிக்கி மேன்டில் என்று இறந்துபோன ஜாம்பவான்களின் கையெழுத்தைப் போட்டுக் குவித்தது. எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் பின்தொடர்ந்து 1999 அக்டோபரில் பல இடங்களில் சோதனை நடத்தியது. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பால் பந்துகள்கூட அதில் பிடிபட்டன. போலிகளோடு 'அசல்' என்ற சான்றிதழையும் சேர்த்தே விற்றார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழை நான் வெறும் காகிதமாகவே கருதுகிறேன்.

சாட்சியின் பலத்தில் பாக்கெட் அட்டைகள்தான் முன்னால் நிற்கின்றன. 1990-ல் அப்பர் டெக் நிறுவனம், ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு எண்ணிட்ட 2,500 அட்டைகளைப் பாக்கெட்டுகளில் கலந்து விற்றது. அவர் ஓய்வுபெற்று அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பேஸ்பாலில் இந்த வழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. நிறுவனம் வீரருடன் நேரடியாக ஒப்பந்தம் போடுகிறது; அட்டையின் பின்புறத்திலேயே உறுதிமொழியை அச்சிடுகிறது. ஆனாலும் எல்லா அட்டையும் ஒன்றல்ல. சிலவற்றில் வீரர் அட்டையின் மீதே கையெழுத்திட்டிருப்பார். வேறு சிலவற்றுக்கு ஒளிபுகும் ஸ்டிக்கர்களில் தாள் தாளாகக் கையெழுத்து வாங்கி, பிறகு அவற்றை அட்டையில் ஒட்டுவார்கள். அந்த அட்டையை வீரர் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். சாய்த்துப் பிடித்தால் ஸ்டிக்கரின் விளிம்பு தெரியும். இரண்டில் ஒன்று என்றால், கூடுதல் பணம் கொடுத்தாவது அட்டையின் மீதே எழுதியதை வாங்குங்கள். கையெழுத்தை எதிர்பார்த்துப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிப்பதைவிட, வேண்டிய வீரரின் அட்டையைத் தனியாக வாங்குவதே லாபம். நட்சத்திரமாகாத பழைய வீரர்களின் அட்டைகள் சில டாலர்களுக்கே கிடைக்கின்றன.

ஆனால் என் மனம் தபால் வழியில்தான் இருக்கிறது. கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம், ஓர் அட்டை அல்லது இரண்டு, அவை வளையாமலிருக்க ஒரு கெட்டி அட்டை, உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய திரும்பும் உறை. செலவு அவ்வளவுதான். அட்டை பளபளப்பானதாக இருந்தால் மை முத்து முத்தாகத் திரளும். அனுப்புமுன் மென்மையான அழிப்பானால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். சில வாரங்களிலும் பதில் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம், வராமலேயும் போகலாம். அதனால் இழக்க மனமில்லாத அட்டையை அனுப்பக் கூடாது.

இரண்டே பருவங்கள் ஆடிவிட்டு ஊர் திரும்பிய ஒரு பந்துவீச்சாளருக்கு இன்று எத்தனை பேர் எழுதுவார்கள்? அவர் வீசிய ஓர் ஆட்டத்தைக் குறிப்பிட்டு எழுதினால், கையெழுத்தோடு அந்த ஆட்டத்தைப் பற்றி நான்கு வரியும் வருவதுண்டு. வேறு எந்த வழியிலும் அது கிடைக்காது. குறையையும் சொல்ல வேண்டும். எழுதும்போது யாரும் பார்த்ததில்லை. வீட்டார் யாராவது போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. முதுமையில் கை நடுங்கி எழுத்தும் மாறியிருக்கும். முத்திரை விழுந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள். அதை முழு ஆதாரமாக யாரும் ஏற்கமாட்டார்கள் என்றாலும் ஒரு துணைச் சான்று. விற்கும் எண்ணம் இருப்பவருக்கு இந்த வழி பொருந்தாது.

கண்காட்சியில் நீங்களே சாட்சி. 1980 முதல் நடந்துவரும் தேசிய விளையாட்டுச் சேகரிப்பாளர் மாநாடுதான் அவற்றில் பெரியது. அட்டைக்கு ஒரு கட்டணம், மட்டைக்கும் சட்டைக்கும் அதைவிட அதிகம், பெயரோடு ஒரு வாசகம் எழுதித் தரக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம். 1989-ல் தடை செய்யப்பட்ட பீட் ரோஸ், லாஸ் வேகாஸ் கடைகளில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கையெழுத்திட்டார். பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கு வருந்துவதாகவும் பந்துகளில் எழுதிக் கொடுத்தார். இப்படிக் குவிந்த கையெழுத்துக்கு விலை பெரிதாக ஏறாது. வேகமாக நகரும் வரிசையில் எழுத்தும் கிறுக்கலாகிவிடுகிறது. இதில் மினசோட்டா அணிக்கு ஆடிய ஹார்மன் கில்லப்ரூவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி கையெழுத்திடுவார். இளம் வீரர்களிடமும் அதையே வற்புறுத்தினார்.

இறந்துபோனவர்களின் கையெழுத்துக்குப் பெரும்பாலும் ஏலம்தான் வழி. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் பரிசோதித்துச் சான்று தருகின்றன. எழுதும்போதே உடனிருந்து பார்த்து வழங்கும் சான்று வேறு, பிறகு மாதிரிகளோடு ஒப்பிட்டு வழங்கும் சான்று வேறு. பின்னது தேர்ந்த நிபுணரின் கருத்து, அவ்வளவுதான். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பால் 2001-ல் தொடங்கிய திட்டம் முதல் வகை. தங்கள் ஆள் கண்ணால் பார்த்ததற்கு மட்டுமே ஹாலோகிராம் ஒட்டுவார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பழங்கால வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்காகப் பெரும்பாலும் மனைவிதான் கையெழுத்திட்டார். அதனால்தான் ஜாக்சனே கையெழுத்திட்ட ஒரு புகைப்படம் 2021-ல் 14.7 லட்சம் டாலருக்குப் போனது. நம் கைக்கு எட்டும் தொகையில் தேடினால், பழைய வீரர்களின் வங்கிக் காசோலைகளைப் பாருங்கள். பணம் செலுத்துவதற்காகத் தேதியிட்டுப் போட்ட கையெழுத்து அது. ரசிகருக்காக உதவியாளர் போட்டுக் கொடுத்ததாக இருக்கும் என்ற சந்தேகம் அதில் குறைவு.

நிபுணர் இல்லாமலே பிடிக்கக்கூடிய போலிகளும் உண்டு. தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்களின் பட்டயப் படம் அச்சிட்ட அஞ்சலட்டையில் அவர்களிடமே கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம். ரொபெர்ட்டோ கிளெமென்டே 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தார். மண்டபத்துக்குத் தேர்வானது 1973-ல். அவர் கையெழுத்திட்ட அந்த அஞ்சலட்டையை யார் நீட்டினாலும், எந்தச் சான்றிதழைக் காட்டினாலும், பணத்தை எடுக்காமல் நகர்ந்துவிடலாம்.