திரை திரும்புவதைப் பின்னணிச் சேவையில் அறிவது: நான்கு போகங்களின் அனுபவம்

சம்மாந்துறையில் நெல் கொள்வனவு செய்யும் களஞ்சியம் ஒன்றுக்காக, லொறியில் ஏறும் மூடைகளை எண்ணுகின்ற சிறிய அன்ட்ரொய்ட் செயலியை எழுதிக் கொடுத்து, இரண்டு பெரும்போக அறுவடைகளும் இரண்டு சிறுபோக அறுவடைகளும் கடந்துவிட்டன. கணக்குப்பிள்ளை வேறு எந்தச் செயலியைத் திறந்திருந்தாலும், திரையின் ஓரத்தில் ஒரு வட்டப் பொத்தான் மிதந்துகொண்டிருக்கும். மூடை ஏற ஏற அவர் அதைத் தொடுவார். பொத்தானைத் தாங்கி நிற்பது பின்னணியில் ஓடும் ஒரு சேவை. எண்ணும் வேலை ஒரு நாளில் முடிந்துவிட்டது. திரை நிலைக்குத்திலிருந்து கிடைக்குத் திரும்புவதை அந்தச் சேவைக்கு உணர்த்துவதுதான் என்னை நான்கு போகங்களாக வேலை வாங்கியது.

முதல் அறுவடையின் மூன்றாம் நாள் கணக்குப்பிள்ளை அழைத்து, "தம்பி, பொத்தானக் காணல்ல" என்றார். மட்டக்களப்பிலிருந்து போய்ப் பார்த்தபோது, கைத்தொலைபேசியை ஒரு நெல் மூடையில் சாய்த்து, விலைக் கணக்கு அட்டவணையைக் கிடையாகத் திறந்து வைத்திருந்தார். 720க்கு 1600 புள்ளிகள் கொண்ட அந்தத் திரையில், நிலைக்குத்தாக இருந்தபோது மேலிருந்து 1400ஆவது புள்ளியில் நின்ற பொத்தான், உயரம் 720 ஆகச் சுருங்கியதும் திரைக்கு வெளியே போயிருந்தது. பொத்தான் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கட்டும் என்று எல்லைக் கட்டுப்பாட்டை நானே நீக்கியிருந்ததால், அதை உள்ளே இழுத்துவிட அமைப்பும் முன்வரவில்லை. அவர் சுவரில் சோக்கட்டியால் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தியது.

திரை திரும்பினால் அக்டிவிட்டி, அதாவது செயலியின் திரைப் பக்கம், அழிக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்படும் என்பதைப் பலரும் அறிவர். சேவைக்கு அப்படி நேர்வதில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும், அதன் 'ஒன் கொன்பிகரேஷன் சேஞ்ச்ட்' என்னும் செயற்கூறு மட்டும் அழைக்கப்படும். அதற்குள் பொத்தானின் இடத்தைத் திருத்தி எழுதினேன். இதே மாற்றத்தை ஒலிபரப்புச் செய்தியாகவும் பெறலாம். ஆனால் செயலியின் கூறுகளைப் பட்டியலிடும் மனிஃபெஸ்ட் கோப்பில் அறிவிக்கப்பட்ட பெறுநருக்கு அது வந்து சேராது, ஓடும் நிரலுக்குள் பதிவு செய்தால் மட்டுமே வரும். சேவைக்குள்ளேயே செயற்கூறு இருக்கும்போது அந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பது என் கருத்து.

அந்தப் போகம் அமைதியாக முடிந்தது. அடுத்த சிறுபோகத்தில், மின்னேற்றும் வயரின் வசதிக்காகக் கைத்தொலைபேசியை இடவலமாக மாற்றிச் சாய்த்தார்கள். ஒரு கிடை நிலையிலிருந்து எதிர்க் கிடை நிலைக்குத் திரும்பும்போது அகலமும் உயரமும் மாறுவதில்லை. கிடை என்பது கிடையாகவே இருப்பதால் அந்தச் செயற்கூறு அழைக்கப்படவில்லை. கமராத் துளை மட்டும் மறுபக்கம் போய், பொத்தானின் எண் அதன் அடியில் மறைந்துவிட்டது. 140ஆ 146ஆ என்று பார்க்க முடியாத எண்ணிக்கை இருந்தும் பயனில்லை.

இடையில், கருவியின் அசைவையும் சாய்வையும் அளக்கும் உணரியான முடுக்கமானியை நம்பும் 'ஒரியண்டேஷன் இவென்ட் லிஸ்னர்' வழியையும் முயன்று கைவிட்டேன். அது சொல்வது கருவியின் சாய்வையே தவிரத் திரையின் நிலையை அன்று. தானாகத் திரும்பும் வசதியை அணைத்திருந்தாலும் பாகைகள் வந்துகொண்டே இருக்க, திரை அசையாதபோது பொத்தான் மட்டும் இடம் மாறியது. மேசையில் மல்லாக்க வைத்தால் நிலை தெரியவில்லை என்பதற்கு அடையாளமாக -1 வரும். 2018இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 9 முதல், பின்னணியில் இருக்கும் செயலிகளுக்கு முடுக்கமானியின் தரவு கிடைப்பதுமில்லை.

இன்றுவரை தவறாமல் வேலை செய்வது திரைகளைக் கவனிக்கும் அமைப்புக் கூறான 'டிஸ்ப்ளே மனேஜர்' வழங்கும் 'டிஸ்ப்ளே லிஸ்னர்'. திரை மாறும்போதெல்லாம் அது அழைக்கப்படும். அன்ட்ரொய்ட் 4.2 முதலே இருந்த இதை நான் முதலிலேயே நாடியிருக்க வேண்டும். 0, 90, 180, 270 பாகை ஆகிய நான்கு சுழற்சிகளையும் அது தனித்தனியாக உணர்கிறது. ஆயினும் திரையின் வேறு இயல்புகள் மாறும்போதும் அது அழைக்கப்படுவதால், முந்தைய சுழற்சியை நினைவில் வைத்து, வேறுபட்டால் மட்டுமே பொத்தானை நகர்த்துகிறேன். சுழற்சியை வாசிக்கும்போது சேவையின் கொன்டெக்ஸ்டிடம் (அமைப்போடு பேச அதற்குள்ள இடைமுகத்திடம்) நேரடியாகத் திரையைக் கேட்டால் அன்ட்ரொய்ட் 11 முதல் பிழை எறியப்படும். டிஸ்ப்ளே மனேஜரிடமிருந்து இயல்புநிலைத் திரையைப் பெற்று வாசிப்பதே சரி. பொத்தானின் இடத்தையும் புள்ளிகளில் சேமிக்காமல், அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பங்கு என்று சேமித்த பிறகு, வேறு அளவுத் திரைகளிலும் தொல்லை நின்றது.

திருப்பத்தை அறியச் சேவை உயிரோடு இருக்க வேண்டும் என்பது தனிக்கதை. 2017இன் அன்ட்ரொய்ட் 8 பின்னணிச் சேவைகளுக்குக் கட்டுப்பாடு விதித்ததால், அறிவிப்புடன் கூடிய முன்புலச் சேவையாகவே இதைத் தொடங்குகிறேன். அன்ட்ரொய்ட் 14ஐ இலக்காகக் கொண்டபோது அந்தச் சேவையின் வகையையும் குறிப்பிட வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் களஞ்சியத்தில் புதிதாக வாங்கிய ஒரு கைத்தொலைபேசியின் மின்கலச் சேமிப்பு, லொறி வராத இடைவேளைகளில் சேவையை நிறுத்திவிட்டது. மின்கல அமைப்பில் இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்த பிறகே சீரானது. சேவை இறந்திருந்த வேளையில் நடந்த திருப்பத்தை எவரும் பின்னர் வந்து சொல்வதில்லை. ஆகவே அது மீண்டும் எழும் ஒவ்வொரு முறையும், பொத்தானை வரையுமுன் சுழற்சியைப் புதிதாக வாசிக்கிறேன்.

கடந்த பெரும்போகத்தில் களஞ்சியத்துப் பையன் ஒருவன், அறிவிப்புப் பட்டியின் கீழுள்ள நிறுத்தும் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டான். அன்ட்ரொய்ட் 13 முதல் வந்த அந்த வசதி, செயலிக்கு எந்த முன்னறிவிப்பும் கொடாமல் அதை முழுவதுமாக நினைவகத்திலிருந்து அகற்றிவிடுகிறது. லொறியில் பாதி ஏறியிருந்த மூடைகளின் எண்ணிக்கை அப்போது போகாமல் இருந்தது, ஒவ்வொரு தொடுதலின்போதும் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்ததால்தான். செயலியைத் திறந்ததும் பொத்தான் கிடைத் திரையில் தன் இடத்திலேயே வந்து நின்றது. கணக்குப்பிள்ளை அடுத்த மூடைக்கு விரலை வைத்தார்.