பீட்டில் இன்ஜினில் ஹெட் ஸ்டட் மரை போனால்: 14 மில்லி கேஸ் சேவர் கிட், என் அனுபவம்

போன வருடம் என் 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இன்ஜினில், சிலிண்டரையும் அதை மூடும் ஹெட்டையும் கேஸோடு (இன்ஜினின் நடுக் கூடு) இறுக்கிப் பிடிக்கும் ஹெட் ஸ்டட் என்ற நீளமான திருகுக் கம்பிகளின் மரை மூன்று இடத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வாங்கிப் போட்ட கேஸ் சேவர் கிட்டை, அதாவது மரை போன துளையில் போடும் எஃகு புஷ்களைப் பற்றித்தான் இது. போட்டு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, அதில் இரண்டு தடவை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஏற்றம், அதனால் இப்போது தைரியமாகச் சொல்லலாம்: வாங்குங்கள், ஆனால் கை டிரில்லை வைத்துக்கொண்டு வீட்டில் போட வேண்டாம்.

முதலில் தெரிந்தது சத்தம்தான். ஏற்றத்தில் மிதிக்கும்போது இடது பக்கத்திலிருந்து சுக் சுக் என்று மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம், சமதளத்துக்கு வந்தால் காணோம். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் என்று நினைத்து மாற்றினேன், போகவில்லை. கம்ப்ரஷன் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் மட்டும் படுத்துக் கிடந்தது. சரி என்று இன்ஜினை இறக்கி ஹெட் நட்டில் டார்க் ரெஞ்சை (குறித்த இறுக்கம் வந்ததும் க்ளிக் என்னும் ஸ்பானர்) வைத்தேன். நட் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, க்ளிக் வரவே இல்லை. ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிவிட்டு ஸ்டட்டைக் கையால் இழுத்ததும் வந்துவிட்டது, அதன் மரை முழுக்கக் கேஸின் உலோகம் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. வயிறு கலங்கிவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால்தான் எந்த கிட் வாங்குவது என்று தெரியும். எடையைக் குறைக்க ஃபோக்ஸ்வேகன் இந்தக் கேஸை மக்னீசியக் கலவையில் வார்த்தது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பது 16 நீளமான எஃகு ஸ்டட்கள். சூடேறும்போது அலுமினியமும் மக்னீசியமும் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஸ்டட் அந்த அளவுக்கு நீளாது, அந்த இழுப்பு முழுவதையும் தாங்க வேண்டியது கேஸில் இருக்கும் மக்னீசிய மரைதான், அதுவும் சூட்டில் பலம் இழக்கிற உலோகம். மூன்றாவது சிலிண்டருக்கு இன்னும் கஷ்டம். 1970 வரை வந்த இன்ஜின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நிற்கும். பிறகுதான் அதைத் தள்ளி வைத்துத் தனிக் காற்று கொடுத்தார்கள். 1974 முதல் 1977 வரை வந்த போர்ஷே 911-இன் 2.7 லிட்டர் இன்ஜினுக்கும் மக்னீசியக் கேஸ்தான், அங்கேயும் இதே நோய். பின்னாளில் ஃபோக்ஸ்வேகனே 10 மில்லி ஸ்டட்டை 8 மில்லியாக்கி, கேஸில் எஃகு இன்சர்ட் (துளைக்குள் பொருத்தும் மரை உள்ள உறை) போட்டே அனுப்ப ஆரம்பித்தது. மெல்லிய ஸ்டட் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், மரையைப் பிடுங்காது.

என் இன்ஜினில் போன மூன்றில் இரண்டு, சில வருடங்களுக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்பிச் சுருள் இன்சர்ட் போட்டுச் சரிசெய்தவை. ஸ்டட்டோடு சுருளும் சேர்ந்து வந்தது. சுருளைக் குறை சொல்ல மாட்டேன், நேராகத் துளைத்துப் போட்டால் நன்றாகவே நிற்கும். அங்கே கை டிரில்லால் துளைத்திருக்கிறார்கள், துளை கண்ணுக்கே தெரிகிற அளவு கோணல், டார்க் ரெஞ்சும் இல்லாமல் கை அளவிலேயே இறுக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே பெரிதாகிவிட்ட அந்தத் துளையில் மறுபடி சுருள் போட வழியில்லை, அதனால்தான் கேஸ் சேவர்.

கேஸ் சேவர் என்பது கெட்டியான எஃகு புஷ். வெளியே 14 மில்லி மரை, 1.5 மில்லி பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி), உள்ளே பழைய ஸ்டட்டுக்கான அதே 10 மில்லி மரை. மக்னீசியத்தைப் பிடிக்கிற பரப்பு கூடுகிறது, சூட்சுமம் அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிட்டில் 16 இன்சர்ட்டும், துளைக்குள் மரை வெட்டும் ஒரு டேப்பும் இருந்தன, சுங்கத்தோடு சேர்த்து ஏழாயிரத்துக்கு மேல் ஆயிற்று. மரை சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது, பிசிறு இல்லை, பதினாறிலும் ஸ்டட் கையாலேயே கடைசி வரை இறங்கியது, டேப் பதினாறு துளைக்குப் பிறகும் கூர் குறையவில்லை. பொருளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 12.5 மில்லி டிரில் பிட்டைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது, துளை நேராக இறங்க வழிகாட்டும் ஜிக் ஒன்று கிடையாது, செய்முறை என்று ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. முதல் முறை செய்கிறவர் இதனாலேயே கேஸைக் கெடுத்துவிடக்கூடும், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நானும் முதலில் கையால் போடத்தான் நினைத்தேன். கேஸைக் கொண்டுபோய்க் காட்டியபோது லேத் பட்டறை அண்ணா தடுத்துவிட்டார். "கையில புடிச்சு ஓட்டுனா கோணிக்கும் தம்பி, மெஷின்லயே கட்டிக்கலாம்" என்றார். கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் வேலை செய்து பழகிய பட்டறை, பீட்டில் கேஸை அவர் அதுவரை தொட்டதில்லை, ஆனாலும் சிலிண்டர் உட்காரும் முகத்தை டயல் கேஜ் வைத்து லெவல் பார்ப்பதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். துளைத்ததும் ரேடியல் டிரில்லிங் மெஷினில், டேப்பை முதல் சில சுற்றுக்கு நேராகப் பிடித்ததும் அதிலேயே. அந்தப் பொறுமைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மக்னீசியச் சீவல் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, இன்னும் மூர்க்கமாக எரியும். பக்கத்தில் காய்ந்த மணல் வாளி இருக்கட்டும், தண்ணீர் கலந்த கூலன்ட் வேண்டாம், எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், சீவலை அவ்வப்போது கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

பேரிங் மாற்ற நான் எப்படியும் கேஸைப் பிரித்திருந்ததால் பதினாறையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டேன். மூன்றை மட்டும் போட்டிருந்தால் மீதிப் பதின்மூன்றும் அதே வயதான மக்னீசியத்தில்தானே நிற்கும். இன்சர்ட்டின் வெளி மரையில் சூடு தாங்கும் லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) தடவி, கேஸ் முகத்துக்கு மயிரிழை கீழே நிற்கும்படி இறக்க வேண்டும், மேலே துருத்தினால் சிலிண்டர் சரியாக உட்காராது. சில துளைகள் கேஸுக்குள் எண்ணெய் இருக்கும் பக்கம் வரை திறந்திருக்கும், அந்த ஸ்டட்களுக்கு சீலன்ட் போடாவிட்டால் எண்ணெய் கசியும். அப்புறம் ஆயில் வழிகள் எல்லாவற்றையும் கழுவிக் காற்றடிக்க வேண்டும். இதற்கே எனக்கு ஒரு நாள் ஆயிற்று, ஒரு சீவல் பேரிங்கில் சிக்கினால் செய்த வேலையெல்லாம் வீண்.

இறுக்கும்போது முதல் சுற்றில் 1 கிலோகிராம்-மீட்டர் டார்க் (இறுக்கும் விசையின் அளவு), கடைசியில் 10 மில்லி ஸ்டட்டுக்கு 3.2, இரண்டு சுற்றுக்கும் மேனுவலில் வெவ்வேறு வரிசை கொடுத்திருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். 8 மில்லி ஸ்டட் என்றால் 2.5 போதும். இன்சர்ட் போட்டுவிட்டோமே என்று கூடுதலாக இறுக்க ஆசை வரும், கூடவே கூடாது, சூடேறும்போது இழுப்பு தானாகவே ஏறும்.

ஓட்ட ஆரம்பித்து ஐந்நூறு கிலோமீட்டரில் மனம் கேட்காமல் இன்ஜினை மறுபடி இறக்கிப் பார்த்தேன். பதினாறு நட்டும் 3.2-இல் க்ளிக் என்றன, ஒன்று கூட நகரவில்லை. மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன் இப்போது மற்ற மூன்றோடு சமமாக நிற்கிறது, பர்லியாறு தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது அந்த சுக் சுக் சத்தம் இல்லை.