பழைய வேட்டைத் துப்பாக்கிய சர்வீஸுக்குக் குடுக்கப் போறீங்களா, ஒரு நிமிஷம்

தாத்தா வால்பாறை எஸ்டேட் ஃபேக்டரில டீ மேக்கரா இருந்தப்ப, ஊருக்குக் கிளம்பின வெள்ளக்கார மேனேஜர் குடுத்துட்டுப் போன ரெட்டைக்குழல் ரைஃபிள் எங்க வீட்ல இருக்கு. லைசென்ஸ் தாத்தா, அப்பான்னு மாறி இப்ப என் பேர்ல. 1972 வனவிலங்குச் சட்டத்தோட எங்க வீட்ல வேட்டை நின்னுச்சு, அதுலருந்து பீரோல தூங்குது. 2024 எலெக்‌ஷனுக்கு எல்லாரையும் போல ஸ்டேஷன்ல ஒப்படைச்சேன், ஜூன்ல வாங்கிட்டு வந்து பார்த்தா குழல் மேல நாலு விரல் பதிஞ்ச மாதிரி அப்படியே செவப்புத் துரு, யாரோ வேர்வைக் கையோட தூக்கியிருக்காங்க.

அத மட்டும் எடுக்கணும்னுதான் லைசென்ஸ் உள்ள ஒரு ரிப்பேர் கடைல குடுத்தேன். "அண்ணே, சுத்தம் மட்டும் போதும், புதுசாக்க வேணாம்"னு ரெண்டு தடவ சொன்னேன். "விடுங்க சார், ஷோரூம் பீஸ் மாதிரி தர்றேன்"னாரு. அப்பவே திருப்பி வாங்கியிருக்கணும்.

மூணு வாரம், 18 ஆயிரம். கட்டைய உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சிருக்காரு, கைப்பிடில இருந்த கட்டம்போட்ட செதுக்கல் போயே போச்சு, மரம் இரும்ப விடக் கீழ எறங்கிருச்சு. குழல பஃபிங் வீல்ல புடிச்சதுல அம்பது அறுவது வருஷத்துப் பழுப்பு நிறம், பர்மிங்ஹாம்ல சோதிச்சுக் குத்தின முத்திரை எல்லாம் மழுங்கி, துப்பாக்கி நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்த டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சாதான் தெரியுது. ஆயுதச் சட்டம் 8வது பிரிவுப்படி நம்பர அழிக்கறதே குற்றம், அடுத்த ரினிவலுக்கு அதிகாரி முன்னாடி நான்தான் நிக்கணும்.

அதவிட மோசம் பஃபிங்குக்கு அப்புறம் குழலக் கருப்பாக்கினது. ரெட்டைக்குழல்ல ரெண்டு குழலயும் நடுப்பட்டையயும் ஈயப்பத்து வெச்சுதான் ஒட்டியிருப்பாங்க. இவரு காஸ்டிக் சோடாக் கரைசல 140 டிகிரி வாக்குல கொதிக்க வெச்சு அதுல முக்கிட்டாரு, அது பத்தத் தின்னுரும், நடுவுல பூந்த உப்பு உள்ளருந்தே துருப்பிடிக்க வைக்கும். இதுக்கு முன்னாடியெல்லாம் குழல மட்டும் கழட்டித் தொங்கவிட்டு விரல் முட்டில தட்டினா கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். இப்ப தட்டினா "டொக்". பத்து விட்டுப்போச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். இனிமே அதுல தோட்டா போட எனக்குத் தைரியம் இல்ல.

கேட்டா, "பளபளன்னு இருக்கே சார், என்ன கொறை?" காசு திரும்பி வரல.

உண்மைல இது வீட்லயே முடியற வேல. மொதல்ல உள்ள தோட்டா இல்லன்னு ரெண்டு தடவ பாத்துட்டு, துரு மேல மெஷின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்க, அப்புறம் இருக்கறதுலயே மெல்லிசான நாலு சைபர் (0000) ஸ்டீல் வுல்ல எண்ணெயோடவே லேசாத் தடவுங்க, செவப்பு கழண்டு வரும், பழுப்பு நிக்கும், அங்கயே நிறுத்திருங்க. கட்டைக்கு ஈரத்துணி, காய்ஞ்சதும் ஒரு சொட்டு லின்சீட் ஆயில். தேங்காண்ணெ வேணாம், மலைக் குளிருக்கு ஒறஞ்சு பிசினாயிரும் (எங்க சித்தப்பா செஞ்ச வேல அது). தோல் உறைல போட்டு வெக்காதீங்க, ஈரத்த இழுக்கும். குழல் வாய் கீழ இருக்கற மாதிரி நிறுத்துனா எண்ணெ கட்டைக்குள்ள எறங்காது.

வெளிய குடுத்தே ஆகணும்னா நம்பரயும் முத்திரையயும் கிட்டத்துல போட்டோ எடுத்துட்டு, என்ன செய்யணும் என்ன செய்யக்கூடாதுன்னு ரசீதுலயே எழுதி வாங்குங்க. என்கிட்ட இருக்கறது அதோட தாத்தா நிக்கற ஒரு பழைய போட்டோதான். அதுல நம்பர் தெரியல, தாத்தா சிரிக்கறது மட்டும் தெரியுது.