கார் ஷெட்டில் கட்டிய பரண்: ஆறு வருஷம் கழித்து

வீட்டுக்குள் இருந்த இரண்டு லாஃப்டும் நிரம்பி, கொலுப் பொம்மைப் பெட்டிகள் கட்டிலுக்கடியில் குடியேறிய பிறகுதான், கார் ஷெட்டின் மேல்பக்கம் சும்மா கிடப்பது கண்ணில் பட்டது. திருச்சியில் எங்கள் ஷெட் 10 அடி உயரம், மேலே கான்கிரீட் தளம். 2019 மே மாதம் அதன் பின்சுவரை ஒட்டி 8 அடி நீளம், 4 அடி ஆழத்தில் ஒரு பரண் கட்டினோம். முழு பிளைவுட் ஷீட்டின் அளவு அதுதான். அறுக்கிற வேலை மிச்சம் என்ற சோம்பேறித்தனம். அதுவே பெரிய தப்பாகப் போனது, அப்புறம் சொல்கிறேன்.

சட்டத்துக்கு 40க்கு 40, 5 எம்எம் கனமுள்ள எல் ஆங்கிள். மீட்டருக்கு 3 கிலோ. சுற்றுச் சட்டமும் இரண்டு குறுக்குத் துண்டும் சேர்த்து 30 கிலோ கிட்ட. 18 எம்எம் பிளைவுட் ஏறக்குறைய 35 கிலோ. ஒரு பொம்மைகூட ஏற்றாமலே 65 கிலோ தலைக்கு மேல் நிற்கிறது! பின்பக்கத்தைச் சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு, வெளியே தகடு வைத்து இறுக்கினார் வெல்டர். முன்பக்கத்தைத் தாங்க, மேல்தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து, 10 எம்எம் திரெட் ராடு (நீளமாக மரை போட்ட கம்பி) மூன்று தொங்கவிட்டார். பிளாஸ்டிக் பிளக் போதாதா என்று கேட்டேன். "அது காலண்டர் மாட்டத்தான் சார்" என்றார். தளத்தில் துளை போடும்போது ஓரிடத்தில் கம்பி தட்டியது. இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டோம். லைட்டுக்குப் போகும் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் முன்பே கேட்டு சாக்பீஸில் கோடு போட்டிருந்ததால் ஒயர் தப்பித்தது.

வலுவில் இன்றுவரை குறையில்லை. பழைய வாரப் பத்திரிகைக் கட்டுகளை நடுவில் அடுக்கிய வருஷம் மட்டும் பிளைவுட் லேசாகத் தொய்ந்தது. எடைக்குப் போட்டுவிட்டேன்.

நான் எதிர்பார்க்காதது சூடு. மொட்டை மாடி வெயில் முழுக்கத் தளத்தில் இறங்கி, பரணுக்குள் அடைந்துகொள்கிறது. முதல் வருஷம் பொம்மைகளை பாலித்தீன் கவரில் சுற்றி ஏற்றியிருந்தோம். நவராத்திரிக்கு இறக்கியபோது செட்டியார் கன்னத்து வர்ணம் கவரோடு வந்துவிட்டது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, தகரப் பெட்டியில்தான். பிளாஸ்டிக் டப்பாக்களின் மூடிகள் மூன்றாம் வருஷமே நொறுங்கத் தொடங்கின. பிரவுன் டேப்பும் பசை காய்ந்து உரிந்துவிடும், கயிறுதான் சரி.

பரணின் அடிமட்டம் ஆறரை அடி. நான் காரை முன்பக்கமாக உள்ளே விடுகிறவன். அளவெடுத்ததும் அப்படி நிறுத்தித்தான். ஊரிலிருந்து வந்த மகன் ரிவர்ஸில் விட்டு டிக்கியைத் திறந்தான். ஆங்கிள் விளிம்பில் 'டங்'. அன்றே பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து விளிம்பில் ஒட்டினேன். காரின் உயரத்தோடு டிக்கி திறந்து நிற்கும் உயரத்தையும் அளந்திருக்க வேண்டும்.

இனி அந்த ஆழம். ஏணியில் நின்றால் கை இரண்டடிதான் எட்டுகிறது. கனமான சாமான் சுவரோரம் இருப்பதே சட்டத்துக்கு நல்லது என்று பித்தளை அண்டா, உருளி எல்லாவற்றையும் பின்னால் தள்ளியிருந்தோம். ஒரு விசேஷத்துக்கு அண்டா தேவைப்பட்டபோது, காரை வெளியே எடுத்து, முன்வரிசையை இறக்கி, ஒருவர் மேலே தவழ்ந்து போய்... கடைசியில் வாடகைப் பாத்திரமே எடுத்தோம். ஷீட்டை நீளவாக்கில் ஒரே அறுப்பு அறுத்திருந்தால் 2 அடி ஆழத்தில் 16 அடி நீளம் கிடைத்திருக்கும். இரண்டு பக்கச் சுவர்களுக்கும் போதும்.

மழைக்காலத்தில் வெளிச்சுவரில் போல்ட் தகட்டிலிருந்து துருக்கோடு வழிகிறது. துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் உள்பக்கம் மட்டும்தான் அடித்திருந்தோம். தகட்டைச் சுரண்டி பெயின்ட் அடிக்க வெல்டரை வரச் சொல்லியிருக்கிறேன். அண்டாவை இறக்க அவரோடு இன்னொரு ஆளும் வருகிறார்.