ஹேண்ட்பிரேக்கா, கியரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சமதளமான தெருவைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மேடு, இல்லையென்றால் இறக்கம். கே53 ஓட்டுநர் தேர்வில் வண்டி பின்னால் உருண்டால் அங்கேயே தோல்வி. அதனால் ஹேண்ட்பிரேக் இழுக்க எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ் கைக்கு வந்ததும், வண்டியை நிறுத்தும்போது பலர் கியரை மட்டும் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களையே நேராகப் பிடிக்கும். கியரோ எஞ்சினின் அழுத்தத்தை நம்பி நிற்கிறது; செங்குத்தான சரிவில் கார் மெல்ல மெல்ல நகர்ந்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ (பார்க்) என்பது கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரத்தில் மாட்டும் சின்ன இரும்புக் கொக்கி, அவ்வளவுதான். வண்டிப் பாரம் முழுவதையும் அதன் தலையில் கட்டினால், கிளம்பும்போது ‘டங்’ என்று சத்தம் வரும். கொக்கியின் புலம்பல் அது! கால்பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வண்டியை அதில் அமரவிட்டு, பிறகு ‘பி’ போடுங்கள். சத்தம் இருக்காது.

கியர் ஜெயிக்கும் இடமும் உண்டு. வாரக்கணக்கில் நிறுத்தினால், கடற்கரை ஈரத்தில் பின்பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் போனால், ஈரமான கேபிள் உறைந்துவிடக்கூடும். அப்போது சமதளம் பார்த்து, கியர் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும்.

சரிவில் மட்டும் இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர். இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், முன்சக்கரம் நடைபாதைப் பக்கம் திரும்பியிருக்கட்டும்.