வீரா ஏரோபேக்: முன்பாதிக்குப் பஞ்சமில்லை, பின்பாதிக்கு நாதியில்லை

மலேசிய நிறுவனமான புரோட்டோனின் வீரா காரில், பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் ஐந்து கதவு வகைதான் ஏரோபேக். என்னுடைய ஏரோபேக்கின் பின்கதவு சென்ற வாரம் மறுபடியும் பட்டறைக்குப் போய் வந்தது. இங்கே சுங்கை சிப்புட்டில், தோட்டத்துக்காரர் ஒருவர் இதே வண்டியை விற்கிறார், வாங்கலாமா அண்ணே என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டதும் அதே வாரம்தான் என்பதால், என் பதிலில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டபோதே அதில் 30 விழுக்காட்டுப் பங்கு ஜப்பானின் மிட்சுபிஷியிடம் இருந்தது. 1985இல் வந்த புரோட்டோனின் முதல் கார் சாகா, மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரே காரைத் தழுவியது. 1993இல் வந்த வீராவும் அடுத்த தலைமுறை லான்சர் ஒன்றின் வழிவந்ததே. 'ஜப்பான்காரன் வண்டிக்கு நம் பெயர்ப்பலகை' என்று கோப்பிக்கடையில் கேலி பேசுபவர்கள் உண்டு. அந்தக் கேலிக்குக் காரணமான உறவுதான் இத்தனை ஆண்டுகளாக என் பணப்பையைக் காத்து வருகிறது. 1.5 இயந்திரமான 4ஜி15 சாகாவிலும் இருந்தது என்பதால், டைமிங் பெல்ட்டோ தண்ணீர்ப் பம்போ எந்தச் சிறு கடையிலும் கிடைக்கிறது, அதைக் கழற்றத் தெரியாத மெக்கானிக் இந்த வட்டாரத்தில் இல்லை. இயந்திரமே போய்விட்டாலும், ஜப்பானில் ஓடிய லான்சரை நடுவில் அறுத்து, இயந்திரமும் கியர்பெட்டியும் டேஷ்போர்டுமாக முன்பாதியை மட்டும் இறக்குமதி செய்து விற்கும் ஹாஃப்கட் கடைகள் இருக்கின்றன.

ஆனால் வருவது முன்பாதி மட்டுமே. முழு வண்டியாகவே வந்தாலும் எனக்குப் பயன் இல்லை. அந்தத் தலைமுறையில் மிட்சுபிஷி விற்றது மூன்று கதவு ஹேட்ச்பேக், ஐந்து கதவு ஏரோபேக் புரோட்டோன் தானே உருவாக்கிய உடல். பின்கண்ணாடி, பின்விளக்கு, பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு தண்டுகள் ஆகியவற்றுக்கு லான்சரில் மாற்று கிடையாது. இரவல் வாங்கிய பாகமெல்லாம் மலிவாகக் கிடைக்க, நாமே செய்த பாகத்துக்கு நான் பழைய இரும்புக் கடைகளில் அலைகிறேன்.

அந்தத் தண்டுகளை நம்மூரில் அப்சார்பர் என்பார்கள். ஈப்போவில் ஒரு கடைக்காரர், வேறொரு வண்டியின் அப்சார்பரை எடுத்து, 'இதுவும் அதே அளவுதான், அங்கிள்' என்று உறுதியாகச் சொல்லி விற்றார். பூட்டிப் பார்த்தால் கதவு என் நெற்றி உயரத்தோடு நின்றுகொண்டது. சில மாதங்களில் அதுவும் எண்ணெய் கசிந்து, தூக்கிய கதவு மெல்ல இறங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து ஒரு துடைப்பக் கட்டை வண்டியிலேயே கிடக்கிறது. முதலில் அதை முட்டுக் கொடுத்த பிறகுதான் அரிசி மூட்டையை இறக்க முடியும்.

நியாயமாகச் சொன்னால், பின்இருக்கையை மடக்கியபின் இந்தக் கதவு வழியாக ஏற்ற முடியாதது குறைவு. கோயில் அன்னதானத்துக்கான அண்டாவைச் செடான் வைத்திருப்பவர்கள் என்னிடம்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். செம்பனைத் தோட்டத்து மண்சாலையிலும் வண்டி முனகாமல் போகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்க வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன். என் வண்டியை விற்பீர்களா என்று அடுத்து அவர் கேட்டார், மாட்டேன் என்றேன். வாங்கியே தீருவேன் என்றால், இயந்திரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பின்கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, இரண்டு பின்விளக்குகளும் முழுசாக இருக்கின்றனவா என்று பாரும்.